பொன்னிறமாகும் வரை

மூக்கைப் பொத்திக்கொண்டுதானே ஏறி வந்தீர்கள்? இல்லையா? எனக்காகச் சொல்ல வேண்டாம். கீழ்வீட்டைத் தாண்டாமல் இந்த மாடிக்கு வர முடியாது. மீன் குழம்பு. காலையிலேயே கீழே இருக்கிறவள் கொதிக்க வைத்துவிட்டாள். நான் கதவைச் சாத்தி, அடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறேன், அப்படியும் வருகிறது பாருங்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது படியை ஒட்டி இருக்கிறது, வாடை முதலில் அங்கேதான் ஏறும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள்.

ஏர் ஃப்ரையர் இதோ. விற்பனைக்கு என்று படம் போட்டிருந்தேனே, அதேதான். ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து நான் வரும்போது கப்பலில் போட்ட சாமான்களோடு வந்தது. திறந்து பாருங்கள். தட்டை முகர்ந்து பாருங்கள். சும்மா பாருங்கள் அம்மா, கூச்சப்படாதீர்கள். ஒன்றும் வராது. அதுதான் இதன் அழகு. எண்ணெயே கிடையாது, சூடான காற்றிலேயே வேகும். நேற்றுகூட ஒருமுறை சூடாக்கிப் பார்த்தேன், கடிகாரம் மாதிரி வேலை செய்கிறது.

ஏன் விற்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்பேன். பொருளில் ஒரு குறையும் இல்லை. குறை கீழே இருக்கிறது. டீ போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். பால் கிடையாது, பழகினால் நன்றாக இருக்கும்.

இது எங்கள் அப்பா கட்டின வீடு. கீழே என் தம்பி தனசிங்கும் அவன் மனைவி பியூலாவும். மாடி எனக்கு. என் கணவர் தவறிய பிறகு பெர்த்தில் யாருக்காக இருப்பது என்று யோசித்தேன். மகனுக்கு அவன் குடும்பம். எனக்குத் தூத்துக்குடியில் ஒரு தம்பி இருக்கிறான் என்றுதான் வந்தேன். வேறு எதற்கும் இல்லை. இந்த ஊர் வெயிலுக்காகவா வருவார்கள்?

வந்த இரண்டாம் நாள் கீழே அடுப்படிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

அந்த வாணலியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரும்பு எங்கே முடிகிறது, கரி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். சுவரில் கை வைத்தால் கை ஒட்டும். அடுப்புக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் செம்பு, மேலே தட்டு. என்னவென்று தட்டைத் தூக்கினேன். சீலா மீன் வறுத்த எண்ணெய். அடியில் மிளகாய்த்தூளும் மீன் தோலும் கருகின கறிவேப்பிலையும் சேறு மாதிரி தேங்கி நிற்கிறது. மேலே ஓர் ஈ. இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. அப்படியே எடுத்துப் போய்க் கொல்லையில் கொட்டினேன்.

"மதினி, அதுலதான் நாளைக்கு வாழைக்கா வறுக்கணும்னு வச்சிருந்தேன்" என்றாள் பியூலா.

"இதை மனுஷங்க சாப்பிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"உங்க தம்பி இவ்ளோ நாளும் இதத்தான சாப்புடுதாவ. மனுஷன் இல்லன்னா நீங்கதான் சொல்லணும், கூடப் பிறந்தவிய."

அவள் நாக்கு அப்படி. எண்ணெயில் விழுந்த கடுகு. எனக்கு அருவருப்பு வந்தால் பேச்சு நின்றுவிடும். அருவருப்பு லேசான விஷயம் இல்லை, தெரியுமா? அது ஓர் அறிவு. நமக்குத் தெரிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நான் அதை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறேன். அது என்னை ஏமாற்றினதே இல்லை.

அதன் பிறகுதான் தம்பி காலில் ஒரு புண் வந்தது.

தனசிங் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறான். சர்க்கரை அவனுக்குப் பல வருடமாக இருக்கிறது. ஒருநாள் செருப்புக்குள் ஓர் உப்புக்கட்டி போய் உட்கார்ந்திருக்கிறது, புளியங்கொட்டை அளவு. அதை மிதித்துக்கொண்டே பகல் முழுக்க நடந்திருக்கிறான். தெரியவில்லை. கால் மரத்துப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் பெருவிரலுக்கு அடியில் தோல் போய்ச் சதை தெரிகிறது. உப்பு கரைந்தே போய்விட்டிருந்தது. புண்ணில் உப்பு கரைந்திருக்கிறது, அவனுக்கு எரியவில்லை! எரிந்திருந்தால் தப்பியிருப்பான்.

"ஒண்ணும் இல்லக்கா. ஆறிடும்" என்றான்.

இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. ஆறிடும். நான் இரண்டு மொழியில் படித்தவள், அதனால் எனக்கு இது உறுத்துகிறது. இங்கிலீஷில் டீ ஆறுவதற்கு ஒரு சொல், புண் ஆறுவதற்கு வேறொரு சொல். ஒன்றை இன்னொன்றோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். நமக்கு எல்லாம் ஒன்று. டீ ஆறும், சோறு ஆறும், கோபம் ஆறும், புண்ணும் ஆறும். மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். இந்த மொழியே உங்களைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

"அப்ப நீ இங்கிலீஷ்லயே ஆத்திவிடு யக்கா, யாரு வேண்டாங்கா" என்று சிரித்தான். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

தினம் காலையில் கூடத்தில் கட்டு மாற்றுவாள் பியூலா. தரையில் உட்கார்ந்து, மடியில் பழைய வேட்டித் துணியை விரித்து, அவன் காலை எடுத்து அதன்மேல் வைத்துக்கொள்வாள். பழைய கட்டு புண்ணில் ஒட்டியிருக்கும். மருந்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரிப்பாள். நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒருமுறைதான். ரசம் கெட்டுப்போனால் மேலே ஒரு வெள்ளை படியுமே, அந்த மாதிரி. அதற்குக் கீழே மஞ்சள். வாடை… வேண்டாம், நீங்கள் டீ குடிக்கிறீர்கள். எனக்குப் பிறவியிலேயே வயிறு அப்படி. அந்த நேரத்தில் நான் கீழே இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கட்டி முடித்ததும் அவள் நேராக அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவாள். சோப்புப் போட்டுக் கழுவவில்லை என்று சொல்ல மாட்டேன். கழுவுவாள். முழங்கை வரைக்கும் கழுவுவாள். ஆனாலும் கை ஒன்றுதானே?

நான் என்னால் முடிந்த வழியில் உதவலாம் என்று நினைத்தேன். அந்த எண்ணெயிலிருந்து அவனைக் காப்பாற்ற வேண்டும். இந்தப் பெட்டியைப் பிரித்தேன்.

முதல் நாள் கோழித்தொடை. தயிரில் ஊற வைத்து, சொட்டு எண்ணெய் இல்லாமல், உள்ளே வைத்து முழுச் சூட்டில் விட்டேன். எடுத்துப் பார்த்தால் அப்படியே பொன்னிறம். ஓரத்தில் மட்டும் லேசாகக் கறுத்து, தோல் கண்ணாடி மாதிரி. தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனேன். அவன் கடித்தான். சத்தம் எனக்குக் கேட்டது.

"எண்ணெயே இல்லன்னு சொல்லுத? பொய் சொல்லாத யக்கா. இம்புட்டு மொறுமொறுன்னு எப்படி?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். காலையில் நன்றாகச் சிவந்த ரொட்டி. மத்தியானம் கோழி, இல்லையென்றால் சீலாத் துண்டு. சாயங்காலம் பனீர், கிழங்கு, ஏதாவது. பகல் ஆனால் படியில் என் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பான். நானும் எதிரே உட்காருவேன். சாப்பிடும்போது காலின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்ளச் சொல்வேன், அவ்வளவுதான். மூடிக்கொள்வான். "இன்னும் கொஞ்சம் முறுகவிட்டா என்ன?" என்று கேட்பான். மறுநாள் இன்னும் கொஞ்சம் முறுகவிடுவேன். பெர்த்தில் இத்தனை வருடம் சமைத்திருக்கிறேன், ஒருவரும் என்னிடம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு தொந்தரவு பியூலாவின் ஜெபம். நாங்கள் கிறிஸ்தவர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. எங்கள் அப்பா ஒரு வரியில் முடிப்பார். இவள் ஆரம்பித்தால் தட்டில் இருக்கிற கோழியே எழுந்து ஆமென் சொல்லும். முறுகல் எல்லாம் நமுத்துப் போகும். ஒருநாள் தனசிங் பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தான்.

"ஏட்டி, சுருக்கா ஆமென் சொல்லு. ஆறிப்போவுதுல்லா!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "ஆறணும்னுதான ஜெபம் பண்ணுதேன். எதுக்குன்னு நெனச்சிய?" என்றாள்.

தட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. சாப்பிடுகிற இடத்தில் புண்ணைப் பற்றி யாராவது பேசுவார்களா? ஒரு நாகரிகம் வேண்டாம்?

ஆனால் புண் ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓரத்தில் மூடிக்கொண்டு வருவது மாதிரி இருக்கும், நடுவில் மறுபடி குழி விழும். எனக்கு அது பியூலா சொல்லித்தான் தெரியும். கடைசியில் கால் புண்ணுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் போனோம். சின்னப் பெண். கட்டைப் பிரித்துப் பார்த்தாள், நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை, ஊசி எல்லாம் கேட்டுவிட்டு, "சாப்பாடு என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா எண்ணெயே இல்லாம சமைச்சுத் தாராவ டாக்டர்" என்றான் தனசிங். என்ன பெருமை அவன் குரலில்!

"எண்ணெயே இல்லாமலா? எப்படி?"

நான் இந்தப் பெட்டியைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். முழுச் சூடு, தண்ணீர் விடுவதில்லை, நல்ல பொன்னிறம் ஆகும் வரை வைப்பேன், அவனுக்கு ஓரம் கறுத்தால்தான் பிடிக்கும். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடி வைத்தாள். வைத்துவிட்டு முழுக்க என்னையே பார்த்துப் பேசினாள். மற்ற இரண்டு பேரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, எனக்குத்தான் புரியும் என்று தெரிந்திருக்கிறது அவளுக்கு.

"கறியோ மீனோ ரொட்டியோ, தண்ணியில்லாத சூட்டுல சிவக்குது பாருங்க, அந்தச் சிவப்புலயே சில பொருள்கள் உண்டாகுதும்மா. சர்க்கரையும் புரதமும் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. சர்க்கரை நோய் இருக்கறவங்க உடம்புக்குள்ள அது தானாவே உண்டாகிக்கிட்டிருக்கு. சாப்பாட்டு வழியா வேற வந்தா பாரம் கூடும். புண் மூடணும்னா முதல்ல அந்த இடத்துல அழற்சி அடங்கணும், அப்பத்தான் புதுச்சதை வளரும். இந்தப் பொருள்கள் அடங்க விடாது. இது நிறைய இருக்கற தீனியைப் போட்டு, சர்க்கரை உள்ள எலிகளை வச்சுப் பாத்திருக்காங்க. புண் மூட ரொம்ப நாளாச்சு. மனுஷங்ககிட்ட இன்னும் அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாது. இதுதான் காரணம்னு நான் சொல்லல. சர்க்கரை அளவு, ரத்த ஓட்டம், அந்தக் கால்ல பாரம் கொடுக்காம இருக்கறது, அதெல்லாம்தான் முதல்ல. ஆனா ஆறாம நிக்கற புண்ணுக்கு இது எதுக்கு? அவிச்சுக் குடுங்க. குழம்பா வச்சுக் குடுங்க. புளி, எலுமிச்சம்பழம் சேர்ந்தா இந்தப் பொருள்கள் இன்னும் குறையும். எண்ணெய் இருக்கா இல்லையாங்கறது வேற விஷயம்."

கேட்டீர்களா? எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! வறுப்பது! நான் இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதையே ஒரு டாக்டர் வாயால் சொல்லக் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வாணலியைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். அவன்கூட வாங்க யோசித்தான்.

மறுநாளிலிருந்து கீழே வறுவல் நின்றது. இட்லி, கஞ்சி, அவித்த முட்டை, புளி கரைத்து ஊற்றின மீன் குழம்பு. வெந்த மீனின் அந்த வெள்ளைக் கண், குழம்பில் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும். பார்க்கவே முடியாது. தனசிங்கும் அதைப் பார்த்து முகம் சுளிப்பான். நான் தட்டோடு இறங்கினால்தான் அவன் முகம் தெளியும். எண்ணெய்தான் நின்றுவிட்டதே, இனிமேல் ஆறிவிடும் என்று நானும் இன்னும் கவனமாக, இன்னும் நன்றாகச் சிவக்க வைத்துக் கொண்டுபோனேன்.

ஒருநாள் பியூலா மாடிக்கு ஏறி வந்தாள். அவள் இங்கே வருவதே இல்லை. மேஜையில் பெட்டியின் இந்தத் தட்டு இருந்தது, அப்போதுதான் அதிலிருந்து கோழியை எடுத்து அவனுக்கு வேறு தட்டில் வைத்திருந்தேன்.

"டாக்டர் சொன்னது உங்களையும் சேத்துத்தான் மதினி" என்றாள்.

"நான் எண்ணெய் ஊற்றுகிறேனா?" என்று கேட்டேன்.

அவள் காலித் தட்டைக் கவிழ்த்தாள். அடியில் பிடித்திருந்ததை நகத்தால் சுரண்டி என் முன்னால் நீட்டினாள். "இது என்னது? என் சட்டியில இருந்தா கரி, உங்க பெட்டியில இருந்தா பொன்னா?"

நீங்களே சொல்லுங்கள். என் தட்டில் அவள் நகம். எந்தக் கையின் நகம்! காலையில் எதைத் தொட்ட நகம்! எனக்கு அவள் பேசினது எதுவும் அப்புறம் காதில் விழவில்லை. அவள் இறங்கிப் போனதும் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன். இப்போது நீங்கள் முகர்ந்தீர்களே, ஒன்றும் வரவில்லையே? அப்படிக் கழுவின தட்டு.

கோழியை நான்தான் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டான்.

பிறகு விரலை எடுத்துவிட்டார்கள். பெருவிரல். எலும்புக்குப் போய்விட்டதாம். விரலை எடுத்தால் காலைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் காலுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார்கள். பியூலா கையெழுத்துப் போட்டாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தேன். டெட்டால் வாடை, அதற்குக் கீழே இன்னொரு வாடை. பக்கத்தில் ஓர் ஆள் பொட்டலத்தைப் பிரித்து வைத்துப் பரோட்டா தின்றுகொண்டிருந்தான், அந்த இடத்தில்! மனிதர்களுக்கு எப்படித்தான் இறங்குகிறதோ.

மறுநாள் நான் ரொட்டி சிவக்க வைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, உள்ளேயே போனேன். எவ்வளவு பெரிய விஷயம் எனக்கு அது. தனசிங் படுத்திருந்தான். கால் முழுக்க வெள்ளைத் துணி. டப்பாவைத் திறந்தேன்.

"வேண்டாம்க்கா" என்றான்.

"பசிக்கலையா?"

"பியூலா கஞ்சி கொண்டாந்திருக்கா."

"இது உனக்குப் பிடிக்குமே. நல்லா முறுகவிட்டு எடுத்திருக்கேன்."

"பிடிக்கும்க்கா. வேண்டாம்."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். சின்னப் பிள்ளையில் நான் கொடுத்து அவன் எதையும் வேண்டாம் என்றதில்லை. பியூலா ஸ்பூனைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது குத்திப் பேசுவாள் என்று பார்த்தேன். பேசவில்லை. பேசியிருக்கலாம். பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், அதோடு போயிருக்கும்.

இப்போது? இப்போது நடக்கிறான். அதற்கென்று தைத்த செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறார்கள், ஊசி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். விரலை எடுத்த இடம் மூடிவிட்டதாம். நான் பார்க்கவில்லை. குழி எதுவும் விழாமல், சுத்தமாக மூடிக்கொண்டதாம். டாக்டரே ஆச்சரியப்பட்டாளாம். கத்தியால் வெட்டின புண் சுத்தமான புண், அது ஆறத்தானே செய்யும்? பியூலா அவள் குழம்பால் என்று சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தினம் காலையில் வைக்கிறாள், வாடை மேலே வருகிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பண்டிகைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். அந்த ஜெபம் இப்போது இன்னும் நீளம். என் பெயரும் அதில் வருகிறது. தம்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

அதனால்தான் விற்கிறேன், வேறொன்றும் இல்லை. ஓர் ஆளுக்கு இதில் என்ன சுட்டுத் தின்பது? ஒற்றைத் துண்டை உள்ளே வைத்தால் காற்றுச் சத்தம்தான் வீடு முழுக்கக் கேட்கிறது. மகனும் திரும்பி வந்துவிடு என்கிறான். யோசிக்கிறேன்.

சரி, நானே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யாருக்கு வாங்குகிறீர்கள்? உங்கள் வீட்டுக்கா?

அப்பாவுக்கா. எண்ணெய் கூடாது என்று நீங்களே முடிவு பண்ணினீர்களா. நல்லது. பெரியவர்களுக்கு வெந்தது இறங்காது, கொஞ்சம் முறுகலாக வைத்தால் ஆசையாகச் சாப்பிடுவார்கள், அது எனக்குத் தெரியும்.

சர்க்கரை உண்டா.

ம்.

காலிலா? எந்த இடத்தில்? குதிகாலில். எப்போதிலிருந்து?

அவர் என்ன சொல்கிறார்? ஆறிடும் என்கிறாரா.

நீங்கள் டீயைத் தொடவே இல்லையே. ஆறிப்போய்விட்டது. ஏடு படிந்துவிட்டது பாருங்கள், பால் இல்லாத டீயில்கூட ஒரு ஏடு படிகிறது. கொடுங்கள், கொட்டிவிட்டு வேறு தருகிறேன்.

இல்லை, பையைத் திறக்காதீர்கள். அந்தப் பெட்டியைத் தூக்க வேண்டாம். கீழே வையுங்கள் அம்மா.

அதில் ஒரு கோளாறு இருக்கிறது. சூடு சரியாக ஏறாது. சில நாள் ஏறும், சில நாள் ஏறாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பேச்சில் மறந்துவிட்டேன். கடிகாரம் மாதிரி என்று நான் சொன்னேனா? அது அப்போது. நேற்றுச் சூடாக்கிப் பார்த்தது நேற்று. எனக்குத் தெரியும், என் வீட்டுப் பொருள், எனக்குத் தெரியாதா? நீங்கள் கூடுதலாகக் கொடுத்தாலும் தர மாட்டேன். பழைய இரும்புக்காரன் இந்தப் பக்கம் வருவான், அவனிடம் போட்டுக்கொள்கிறேன். வேறு எங்கேயும் தேடிக்கொண்டு போகாதீர்கள். எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் வெயிலில் வந்தீர்கள்.

ஒன்று செய்யுங்கள். இறங்கும்போது கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வாடை அடிக்கும், சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். குழம்பை எப்படி வைக்கிறாள் என்று கேளுங்கள், புளி எவ்வளவு போடுகிறாள் என்று கேளுங்கள். நாக்கு ஒரு மாதிரி, ஆனால் சொல்லித் தருவாள். கட்டு மாற்றுவது எப்படி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், துணியை இழுக்காமல் எப்படிப் பிரிப்பது என்று. அது அவளுக்குத்தான் தெரியும்.

நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.